சரக்கு போய்ச் சேர்ந்ததா? இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனைகள்: கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரின் பெரிய சண்டைகளைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரயில்வே சரக்குப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன் நான். ஒரு சண்டையைப் பற்றிப் படித்தால், அந்தப் படைக்குச் சோறும் எண்ணெயும் குண்டும் எந்த வழியாக வந்தன என்றுதான் முதலில் தேடுவேன். பெரும்பாலான விடைகள் எனக்கு அங்கேதான் கிடைத்தன.

கேள்வி: ஐயா, போரின் திசை மாறிய ஒரே ஓர் இடத்தைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்? ஸ்டாலின்கிராடா, மிட்வேயா, நார்மண்டியா?

மூன்றையும் சொல்லமாட்டேன். 1941 டிசம்பரில் ஒரு வாரத்தைச் சொல்வேன். 5ஆம் தேதி மாஸ்கோவுக்கு வெளியே சோவியத் படையான செஞ்சேனை எதிர்த்தாக்குதலைத் தொடங்கியது. 7ஆம் தேதி ஜப்பான் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. 11ஆம் தேதி ஹிட்லர் தானாகவே முன்வந்து அமெரிக்கா மீது போர் அறிவித்தார்.

அந்த வாரத்துக்கு முன்பு ஜெர்மனிக்கு எதிரே இருந்தவை, குண்டுவீச்சில் நொந்துபோன பிரிட்டனும், இன்றோ நாளையோ விழுந்துவிடும் என்று பலரும் நினைத்த சோவியத் ஒன்றியமும். வாரம் முடிந்தபோது சோவியத் விழவில்லை. கூடவே உலகத்தின் மிகப் பெரிய தொழில் நாடும் களத்தில் இறங்கியிருந்தது. அன்று உலகில் எடுக்கப்பட்ட கச்சா எண்ணெயில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் எடுக்கப்பட்டது. ஜெர்மனிக்கு ருமேனியாவின் எண்ணெய்க் கிணறுகளும், நிலக்கரியிலிருந்து எண்ணெய் செய்யும் ஆலைகளும்தான் கதி.

அதற்குப் பிறகும் ஜெர்மனியும் ஜப்பானும் நிறைய ஜெயித்தன. சிங்கப்பூர், டோப்ருக், செவஸ்தபோல் எல்லாம் 1942இல் விழுந்தவைதான். ஆனால் போரையே ஜெயிக்கும் வழி அந்த வாரத்தோடு அடைபட்டுவிட்டது என்பது என் கணிப்பு. பிறகு வந்த பெரிய சண்டைகளில் அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

கேள்வி: மாஸ்கோவில் ஜெர்மனியைத் தோற்கடித்தது ரஷ்யக் குளிர்தானே, சார்?

குளிர் இரண்டு பக்கமும்தான் அடித்தது. ரஷ்யர்களிடம் கம்பளிக் கோட்டு இருந்தது, ஜெர்மானியர்களிடம் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

1941 ஜூன் 22 அன்று முப்பது லட்சம் ஜெர்மன் வீரர்கள் எல்லையைத் தாண்டினார்கள். டாங்கிகளின் படத்தைத்தான் நாம் எப்போதும் பார்க்கிறோம். ஆனால் அவர்களோடு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் போயின. பீரங்கியையும் வண்டியையும் இழுத்தவை அவைதான். எல்லையைத் தாண்டியதும் ரயில் பாதையின் அகலம் மாறியது. ஜெர்மன் பாதை 1,435 மில்லிமீட்டர், ரஷ்யப் பாதை 1,524. மூன்றரை அங்குல வித்தியாசம்.

நம் ஊரில் மீட்டர் கேஜ் இருந்த காலத்தில், பிராட் கேஜ் வேகனிலிருந்து மீட்டர் கேஜ் வேகனுக்குச் சாமான் மாற்றும் யார்டைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். ஆள் பற்றாது, வேகன் பற்றாது, இந்தப் பக்கம் வண்டிகள் வரிசையில் நிற்கும். ஜெர்மானியர்கள் ஒரு பக்கத் தண்டவாளத்தை உள்ளே நகர்த்தி ஆணி அடித்தார்கள். அது பெரிய வேலை இல்லை. ஆனால் ரஷ்ய எஞ்சின்கள் பெரியவை, ஒரு முறை நிரப்பினால் வெகுதூரம் ஓடும். அதனால் அங்கே தண்ணீர் பிடிக்கும் நிலையங்களும் கரி போடும் இடங்களும் தள்ளித் தள்ளி இருந்தன. ஜெர்மன் எஞ்சின்களுக்கு அந்த இடைவெளி தாங்கவில்லை. குளிர் வந்ததும், வெளியே தெரியும்படி இருந்த அவற்றின் குழாய்கள் உறைந்து வெடித்தன.

அக்டோபர் மழையில் சாலைகள் சேறானபோது லாரிகளும் நின்றன. ஓடிய சில ரயில்களில் என்ன ஏற்றுவது? குண்டையும் எண்ணெயையும் ஏற்றினார்கள். கோட்டுகள் போலந்துக் கிடங்குகளில் கிடந்தன. மாஸ்கோவிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவுக்கு நெருங்கிய படைக்கு அதற்கு மேல் நகர முடியவில்லை.

இதைச் சொல்லும்போது, எதிர்த்து நின்றவர்களை மறக்கக் கூடாது. மாஸ்கோவைச் சுற்றி டாங்கித் தடுப்புக் குழிகளை வெட்டியவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்ப் பெண்கள். ஜெர்மன் சரக்கு தாமதமான ஒவ்வொரு நாளையும் அவர்கள் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள்.

கேள்வி: ஜெர்மனி மேற்கிலிருந்து அடிக்கும்போது ஜப்பான் கிழக்கிலிருந்து ரஷ்யாவை ஏன் அடிக்கவில்லை?

அடித்துப் பார்த்துச் சூடு பட்டிருந்தார்கள். 1939இல் மங்கோலிய எல்லையில் ஹால்ஹின் கோல் ஆற்றங்கரையில் ஜப்பானியப் படைக்கும் சோவியத் படைக்கும் சண்டை நடந்தது. அங்கே சோவியத் தளபதி ஜுக்கோவ். அந்த நாளில் வெளியே அவ்வளவாகத் தெரியாத பெயர். அருகில் ரயில் பாதையே இல்லாத அந்த இடத்துக்கு ஆயிரக்கணக்கான லாரிகளில் சரக்கைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, ஆகஸ்டில் ஜப்பானியர்களைச் சுற்றிவளைத்து நொறுக்கினார்.

அதன் பிறகு ஜப்பானில் ‘வடக்கே போவோம்’ என்றவர்களின் குரல் அடங்கியது. எண்ணெயும் ரப்பரும் இருக்கும் தெற்கே போவோம் என்றவர்கள் கை ஓங்கியது. 1941 ஏப்ரலில் சோவியத்தோடு நடுநிலை ஒப்பந்தமும் போட்டார்கள். ஜப்பான் வடக்கே வராது என்று டோக்கியோவிலிருந்து உளவாளி ரிச்சர்ட் சோர்கே தகவல் அனுப்பினார். சைபீரியாவில் இருந்த சோவியத் டிவிஷன்கள் (பெரிய படைப்பிரிவுகள்) ரயிலேறி மாஸ்கோவுக்கு வந்தன. பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லாத சண்டை இது. மலாயாவும் பர்மாவும் பட்ட பாட்டுக்கு ஒரு வேர் அந்தப் புல்வெளியில் இருக்கிறது.

கேள்வி: பேர்ல் ஹார்பரில் ஜப்பானுக்கு முழு வெற்றிதானே?

அன்றைய ஒரு நாளுக்கு வெற்றி. எட்டுப் போர்க்கப்பல்கள் அடிபட்டன. ஆனால் அவற்றில் ஆறு பழுது பார்க்கப்பட்டு மறுபடி கடலுக்குப் போயின. விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றுகூட அன்று துறைமுகத்தில் இல்லை. கரையில் இருந்த எண்ணெய்த் தொட்டிகளையும் பழுது பார்க்கும் தளத்தையும் ஜப்பானியர்கள் குறிவைக்கவே இல்லை. அந்தத் தொட்டிகள் எரிந்திருந்தால் அமெரிக்கக் கடற்படை கலிபோர்னியாவுக்குத்தான் திரும்பியிருக்க வேண்டும்.

கேள்வி (மட்டக்களப்பிலிருந்து): எங்கள் கடலில் ஹெர்மிஸ் என்ற கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. அதற்கும் மிட்வே சண்டைக்கும் தொடர்பு உண்டா, அண்ணா?

நேரான தொடர்பு உண்டு. இரண்டு இடத்திலும் வந்தது ஒரே கடற்படை, ஒரே தளபதி நகுமோ.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று அவருடைய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. முதல் நாளே ஒரு கனேடிய விமானி, லெனார்ட் பிர்ச்சால், அந்தக் கப்பல் கூட்டத்தைக் கடலில் கண்டு எச்சரிக்கை அனுப்பியிருந்தார். அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, போர் முடியும் வரை ஜப்பானியர்களிடம் கைதியாக இருந்தார். 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. அங்கிருந்து ஏற்கெனவே கிளம்பி வந்துகொண்டிருந்த ஹெர்மிஸ், தன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லாத நிலையில், உங்கள் ஊர்க் கடலில் அகப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அதோடு போனார்கள். அதே வாரத்தில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. மெட்ராஸில் அரசு அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள், ஜனங்கள் கிடைத்த ரயிலைப் பிடித்துக் கிராமங்களுக்கு ஓடினார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பேர்ல் ஹார்பருக்கு ஜப்பான் கொண்டுபோன விமானந்தாங்கிகள் ஆறு. இலங்கைக் கடலுக்கு வந்தவை ஐந்து, காகா என்ற கப்பல் மட்டும் வரவில்லை. அவற்றில் இரண்டு மே மாதம் பவளக் கடலில் நடந்த சண்டைக்குப் போய், ஒன்று கப்பலே அடிபட்டும், மற்றது விமானங்களை இழந்தும் திரும்பின. அதனால் ஜூன் மாதம் பசிபிக் கடலில் அமெரிக்கர் கையில் இருந்த மிட்வே தீவுக்குப் போனவை, காகாவையும் சேர்த்து, நாலு.

அந்த நாலும் எங்கே வரும் என்பது அமெரிக்கர்களுக்குத் தெரிந்திருந்தது. ஜப்பானியச் சங்கேதச் செய்திகளில் ‘ஏ.எஃப்.’ என்று ஓர் இடம் அடிக்கடி வந்தது. அது மிட்வேதானா என்று உறுதி செய்ய, குடிநீர் காய்ச்சும் இயந்திரம் கெட்டுவிட்டது என்று மிட்வேயிலிருந்து வேண்டுமென்றே ரகசியம் இல்லாமல் ஒரு செய்தி அனுப்பவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஜப்பானியர்கள், ஏ.எஃப்.இல் தண்ணீர்ப் பஞ்சம் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

ஜூன் 4 காலை, தாழப் பறந்து வந்த அமெரிக்க டார்ப்பிடோ விமானங்கள் ஏறக்குறைய மொத்தமாக அழிந்தன. ஒரு பிரிவில் பதினைந்து விமானமும் போய், ஒரே ஒருவர் பிழைத்தார். ஜப்பானியக் காவல் விமானங்கள் அவர்களைத் துரத்திக் கீழே இறங்கியிருந்த நேரத்தில், மேலிருந்து குண்டு விமானங்கள் பாய்ந்தன. சில நிமிடங்களில் அகாகி, காகா, சோர்யு மூன்றும் எரிந்தன. ஹிர்யு சாயங்காலம். இவற்றில் காகாவைத் தவிர மற்ற மூன்றும் இரண்டு மாதத்துக்கு முன் இலங்கையைத் தாக்கியவை.

கேள்வி: ஸ்டாலின்கிராடைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள், ஐயா. அந்த ஊரை விட்டுவிட்டு ஜெர்மன் படை ஏன் போகவில்லை என்பது எனக்கு எப்போதும் புரியவில்லை.

1942 கோடையில் ஜெர்மனி தேடிப் போனது ஊரை இல்லை, எண்ணெயை. காக்கசஸ் மலைப் பக்கம் மைக்கோப், குரோஸ்னி, அதைத் தாண்டி பாக்கு நகரம். அந்தப் படையின் இடது பக்கத்தைக் காப்பதற்கும், வோல்கா ஆற்றில் போகும் சரக்கை நிறுத்துவதற்கும்தான் ஸ்டாலின்கிராட். ஹிட்லர் இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும் என்று படையை இரண்டாகப் பிரித்தார். ஆகஸ்டில் மைக்கோப் கிடைத்தது, ஆனால் ரஷ்யர்கள் கிணறுகளை நாசமாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். பாக்கு கிடைக்கவே இல்லை.

ஊருக்குள் சண்டை வீட்டுக்கு வீடு, மாடிக்கு மாடி நடந்தது. சோவியத் தளபதி சுய்கோவின் 62ஆவது படை வோல்காக் கரையில் ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர்களுக்கு ஆளும் குண்டும் ரொட்டியும் இரவில் படகில் ஆற்றைக் கடந்து வந்தன, காயம்பட்டவர்கள் அதே படகில் திரும்பிப் போனார்கள். அந்தப் படகோட்டிகளை நினைக்காமல் ஸ்டாலின்கிராடைப் பற்றி என்னால் பேச முடியாது.

ஜெர்மனியின் ஆறாவது படை முழுவதும் ஊருக்குள் சிக்கியிருக்க, அதன் இரண்டு பக்கத்தையும் ருமேனியப் படைகள் காத்தன. டாங்கியை நிறுத்தும் பீரங்கி அவர்களிடம் போதுமான அளவு இல்லை. நவம்பர் 19, 20 தேதிகளில் சோவியத் படை அந்த இரண்டு பக்கத்தையும் உடைத்துக்கொண்டு வந்தது, 23ஆம் தேதி கலாச் அருகே கைகோத்தது. உள்ளே இரண்டரை லட்சத்துக்கும் மேல் அகப்பட்டார்கள்.

உடனே வெளியேறியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். ஹிட்லர் அனுமதி தரவில்லை என்பது பாதி விடை. மீதிப் பாதி: குளிர்காலத் தீவனம் கிடைக்காது என்று படையின் குதிரைகளில் பெரும்பகுதியை முன்பே பின்னால் அனுப்பியிருந்தார்கள். டாங்கிகளுக்கு எண்ணெயும் இல்லை. கனமான பீரங்கிகளையும் காயம்பட்டவர்களையும் இழுத்துக்கொண்டு போக ஒன்றுமே இல்லை.

விமானத்தில் தினம் 500 டன் கொண்டுவந்து போடுகிறேன் என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்குக் கொடுத்தார். 500 டன் என்பது எவ்வளவு? இருபது டன் பிடிக்கும் இருபத்தைந்து வேகன். ஒரு சின்ன கூட்ஸ் வண்டி. ஏதாவது ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு ராத்திரியில் திரும்பிப் பார்க்காமல் அனுப்பிவிடும் சரக்கு. அதை ஒரு நாட்டின் விமானப்படை முழுவதும் சேர்ந்தும் கொண்டுபோக முடியவில்லை. சராசரியாக நாளுக்கு நூறு டன்னுக்குக் கொஞ்சம் மேல்தான் வந்தது. அதற்கே கிட்டத்தட்ட 500 விமானங்கள் அழிந்தன. டிசம்பரில் ஜெர்மன் தளபதி மான்ஸ்டைனின் மீட்புப் படை ஐம்பது கிலோமீட்டர் தூரம் வரை நெருங்கி, அதற்கு மேல் முடியாமல் திரும்பியது. ஜனவரியில் பிதோம்னிக், கும்ராக் விமானத்தளங்களும் பறிபோயின. ஜனவரி 31இல் ஆறாவது படையின் தளபதி பவுலஸ் சரணடைந்தார், பிப்ரவரி 2இல் மீதிப் படையும். கைதானவர்கள் ஏறத்தாழ 91,000 பேர். அவர்களில் ஊர் திரும்பியவர்கள் ஆறாயிரம் பேர்கூட இருக்கமாட்டார்கள். சோவியத் பக்கம் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து நாலே முக்கால் லட்சத்துக்கு மேல்.

கேள்வி: எல் அலமெய்னில் ரொம்மெல் தோற்றது எப்படி? அவர் பெரிய தந்திரசாலி என்கிறார்களே.

ஜெர்மன் தளபதி ரொம்மெல் தந்திரசாலிதான். ஆனால் டாங்கிக்கு எண்ணெய் வேண்டும். எகிப்து எல்லைக்குள் எவ்வளவு தூரம் உள்ளே போகிறாரோ அவ்வளவு தூரம் எண்ணெய் லாரியும் பாலைவனத்தில் ஓட வேண்டும், கொண்டுவரும் எண்ணெயில் பெரும்பங்கை லாரியே குடித்துவிடும். இத்தாலியிலிருந்து வரும் கப்பல்களை மால்டா தீவிலிருந்து பிரிட்டன் மூழ்கடித்துக்கொண்டிருந்தது. அந்த மால்டாவே பட்டினியில் இருந்தது. 1942 ஆகஸ்டில் ஒஹாயோ என்ற எண்ணெய்க் கப்பல் குண்டடிபட்டு மூழ்கும் நிலையில், இரண்டு பக்கமும் நாசகாரிக் கப்பல்களைக் கட்டித் தாங்கிப்பிடித்துத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அக்டோபர் 23 அன்று பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி தாக்கியபோது அவரிடம் எல்லாமே ஏராளம், ரொம்மெலிடம் எல்லாமே பற்றாக்குறை. மான்ட்கோமரியின் படையில் இந்தியாவின் நான்காவது டிவிஷனும் இருந்தது.

கேள்வி: கடலுக்கு அடியில் நடந்த போரைப் பற்றி யாருமே பேசுவதில்லையே?

அட்லாண்டிக் சண்டைதான் என் பார்வையில் மற்ற எல்லாச் சண்டைக்கும் தாய். அமெரிக்காவில் செய்தது பிரிட்டனுக்கும் ரஷ்யாவுக்கும் போய்ச் சேர்ந்தால்தானே பயன்?

1943 மார்ச்சில் அருகருகே வந்த இரண்டு கப்பல் தொடர்களில் மட்டும் 22 சரக்குக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. மே மாதத்தில் நிலைமை தலைகீழ். ஒரே மாதத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிகள் அழிந்தன. அவற்றில் ஒன்றில் ஜெர்மன் கடற்படைத் தலைவர் டோனிட்ஸின் மகனும் இருந்தார். 24ஆம் தேதி டோனிட்ஸ் தன் படகுகளை வட அட்லாண்டிக்கிலிருந்து திரும்ப அழைத்தார். நடுக்கடல் வரை பறக்கக்கூடிய லிபரேட்டர் விமானங்கள், சின்ன ரேடார், சங்கேதம் உடைத்தவர்கள் என்று பல காரணம். அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. லிவர்பூலில் ஒரு மாடி அறையில், தரையில் கோடு போட்டுப் பொம்மைக் கப்பல்களை நகர்த்தி, நீர்மூழ்கிகளின் உத்தியைக் கண்டுபிடித்து, கப்பல் தலைவர்களுக்கே பாடம் எடுத்தார்கள். அதை நடத்தியவர்களில் பெரும்பாலோர் கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்கள்.

கேள்வி: குர்ஸ்க்தான் உலகின் மிகப் பெரிய டாங்கிச் சண்டையா?

1943 ஜூலையில் ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதி முழுவதும் நடந்ததைச் சேர்த்தால் மிகப் பெரியவற்றில் ஒன்று. ஆனால் ஜூலை 12 அன்று அங்கே புரொகோரோவ்கா என்ற இடத்தில் நூற்றுக்கணக்கான ஜெர்மன் டாங்கிகள் அழிந்தன என்பது கட்டுக்கதை. அன்று பெருமளவு இழந்தது சோவியத் பக்கம்தான். இருந்தாலும் ஜெர்மனியால் உடைத்துக்கொண்டு போக முடியவில்லை, இரண்டு நாள் முன்பே சிசிலியில் நேச நாடுகள் இறங்கியிருந்தன. ஹிட்லர் தாக்குதலை நிறுத்தினார். அதன் பிறகு கிழக்கில் ஜெர்மனி பெரிய அளவில் முன்னேறவே இல்லை.

கேள்வி (கல்லூரி மாணவி): நார்மண்டித் தரையிறக்கம்தான் ஹிட்லரை வீழ்த்தியது என்று படித்தேன். சரியா, சார்?

பாதி சரி, அம்மா. 1944 ஜூன் 6 அன்று ஒரே நாளில் ஒன்றரை லட்சம் பேரைக் கடல் கடந்து இறக்கியது மிகப் பெரிய காரியம். துறைமுகம் இல்லாத கரையில் செயற்கைத் துறைமுகத்தையே இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். ஆனால் இரண்டு வாரம் கழித்து, ஜூன் 22 அன்று, பெலாரூஸில் சோவியத் படை தொடங்கிய தாக்குதலின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பக்ரத்தியோன். ஹிட்லர் உள்ளே நுழைந்து சரியாக மூன்று வருடம் கழித்து அதே தேதி. அதற்குச் சில நாள் முன்பு, சோவியத் கொரில்லாப் படையினர் ஒரே இரவில் ஜெர்மன் படைகளுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான இடங்களில் தண்டவாளத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஜெர்மனியின் மத்தியப் படைத்தொகுதி சில வாரங்களில் இல்லாமலே போனது. ஜூலை 17 அன்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை மாஸ்கோ தெருக்களில் நடத்திக் கூட்டிப்போனார்கள்.

ஜெர்மன் வீரர்களில் இறந்த நாலு பேரில் மூன்று பேர் கிழக்குக் களத்தில் இறந்தவர்கள். சோவியத் மக்கள் ஏறத்தாழ 2.7 கோடிப் பேர் மாண்டார்கள். அதே நேரத்தில், செஞ்சேனை அவ்வளவு வேகமாக ஓடியது அமெரிக்கா அனுப்பிய லாரிகளில். நாலு லட்சத்துக்கு மேல் லாரிகளும் ஜீப்புகளும், ஏறத்தாழ 2,000 ரயில் எஞ்சின்களும் போயிருந்தன. நார்மண்டியா, பெலாரூஸா என்று சண்டை போடத் தேவையில்லை. ஒன்று இல்லாமல் மற்றது அப்படி முடிந்திருக்காது.

கேள்வி: இந்திய மண்ணில் நடந்த இம்பால், கொஹிமா சண்டை உண்மையிலேயே பெரியதா? ஏன் நமக்குச் சொல்லித்தரவில்லை?

ஜப்பான் தரைப்படை அதுவரை கண்டிராத பெரிய தோல்வி அது. சொல்லித்தராததற்குக் காரணம், இரண்டு பக்கமும் இந்தியர்கள் இருந்ததுதான் என்று நினைக்கிறேன். பிரிட்டிஷ் இந்தியப் படையில் ஒரு பக்கம், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.யில் மறுபக்கம்.

1944 மார்ச்சில் முதகுச்சி என்ற ஜப்பானியத் தளபதி எண்பத்தைந்தாயிரம் பேருடன் பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடந்தார். கையில் மூன்று வாரச் சாப்பாடு. மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் வழியில் அடித்துத் தின்னலாம், அதற்குள் இம்பாலின் கிடங்குகளைப் பிடித்துவிடலாம் என்பது திட்டம். மாடுகள் ஆற்றிலும் மலையிலும் செத்தன. கிடங்குகள் கிடைக்கவில்லை.

பிரிட்டிஷ் பக்கச் சரக்கு வந்த வழியைக் கேளுங்கள். கல்கத்தாவிலிருந்து பிராட் கேஜ், நடுவில் மீட்டர் கேஜுக்கு மாற்றம், பிரம்மபுத்திராவில் அப்போது பாலம் கிடையாது, வேகன்களைப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்து, மறுபடி மீட்டர் கேஜில் திமாப்பூர். அங்கிருந்து கொஹிமா வழியாக மலைச்சாலை. படித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அந்தப் பாதையில் ஒரு பகுதியை 1944 மார்ச்சிலிருந்து அமெரிக்க ரயில்வேப் படையினர் ஏற்று நடத்தினார்கள். திமாப்பூரில் மலைமலையாகச் சரக்கு கிடந்தது. கொஹிமாவை முற்றுகையிட்ட, முதகுச்சியின் கீழ் இருந்த தளபதி சாத்தோ, அதைச் சுற்றிக்கொண்டு திமாப்பூருக்கே போயிருந்தால் கதை மாறியிருக்கும். அவர் போகவில்லை.

கொஹிமாவில் இருந்த போரிடும் வீரர்கள் சுமார் ஆயிரத்து ஐந்நூறு பேர். அசாம் ரெஜிமென்ட், அசாம் ரைபிள்ஸ், பிரிட்டிஷ் வெஸ்ட் கென்ட் வீரர்கள். துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்தில், இந்தப் பக்கக் கோட்டில் ஒரு படை, அந்தப் பக்கக் கோட்டில் ஒரு படை. நாகா மக்கள் சுமை தூக்கினார்கள், வழி காட்டினார்கள், உளவு சொன்னார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கிப்போனார்கள். அவர்கள் வீடுகள்தான் எரிந்தன. இம்பாலுக்குச் சாலை அறுந்ததும் விமானத்தில் எல்லாம் வந்தது. பர்மாவின் அரக்கானிலிருந்து ஒரு முழு டிவிஷனையே விமானத்தில் ஏற்றிவந்து இறக்கினார் பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம். ஸ்டாலின்கிராடில் முடியாதது இங்கே முடிந்தது. விமானங்கள் போதுமான அளவு இருந்தன, வானமும் அவர்கள் கையில் இருந்தது.

மே மாத முடிவில், ஒரு மூட்டை அரிசிகூட வரவில்லை என்று சொல்லி, மேலிடத்து உத்தரவை மீறி சாத்தோ படையைத் திருப்பினார். மழையில், மலையில், பசியிலும் பேதியிலும் மலேரியாவிலும் விழுந்தவர்கள்தான் அதிகம். முப்பதாயிரம் பேர் இறந்தார்கள் என்பது கணக்கு.

கேள்வி: அப்படியென்றால் நேதாஜியின் படை வீணாகப் போனதா, ஐயா? என் தாத்தா அவர் பெயரைச் சொன்னாலே எழுந்து நிற்பார்.

போர்க்களத்தில் தோற்றது. அதை மறைப்பது அந்த வீரர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஜப்பானியர்களுக்கே சோறு இல்லாதபோது ஐ.என்.ஏ.வுக்கு எங்கிருந்து வரும்? ஆனால் 1945 நவம்பரில் செங்கோட்டையில் அவர்கள் மீது விசாரணை தொடங்கியபோது நாடே கொதித்தது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்து எழுந்தார்கள். இந்தியச் சிப்பாயை நம்பி இனி இந்த நாட்டை ஆள முடியாது என்பது பிரிட்டனுக்குப் புரிந்தது. மெட்ராஸில் பிறந்த கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பலர், மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் அவர்களில் உண்டு. உங்கள் தாத்தா எழுந்து நின்றது சரிதான், தம்பி.

கேள்வி: ஜப்பான் சரணடைந்தது அணுகுண்டினாலா?

இரண்டு அடி ஒன்றாக விழுந்தன. ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 9 நாகசாகி. அதே 9ஆம் தேதி சோவியத் படை மஞ்சூரியாவில் நுழைந்தது. சோவியத்தை நடுவில் வைத்துச் சமாதானம் பேசலாம் என்ற கடைசி நம்பிக்கையும் அத்தோடு போனது. 15ஆம் தேதி பேரரசர் வானொலியில் பேசினார். எது பெரிய அடி என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நான் இரண்டையும் பிரிக்கமாட்டேன்.

கேள்வி (பினாங்கிலிருந்து): என் பாட்டியின் அண்ணன் சயாம் ரயில் போட அழைத்துப் போகப்பட்டவர், திரும்பவில்லை. போர்களைப் பற்றிய புத்தகங்களில் அந்த ரயில் ஓரத்தில்கூட வருவதில்லை. அது திருப்புமுனைகளோடு சேராதா, ஐயா?

சேரும், அம்மா. கடைசியில் எழுத வேண்டும் என்று இந்தக் கேள்வியைத்தான் தனியாக எடுத்துவைத்திருந்தேன்.

பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சரக்கு போக வேண்டும். மலாக்கா ஜலசந்தி வழியாக ரங்கூனுக்குக் கப்பலில் அனுப்பினால் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. மிட்வேக்குப் பிறகு கப்பல்களைக் காக்க ஜப்பானிடம் போதிய பலம் இல்லை. அதனால்தான் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் குடைந்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை. ஓராண்டுக்குக் கொஞ்சம் கூடுதலான காலத்தில், 1943 அக்டோபர் 17 அன்று இரண்டு முனையும் இணைந்தன. அடுத்த மார்ச்சில் முதகுச்சி இம்பாலுக்குக் கிளம்பினார். மேலே நான் எழுதிய கொஹிமாவுக்குப் போகும் வழி, உங்கள் பாட்டியின் அண்ணன் போட்ட பாதையிலிருந்துதான் தொடங்குகிறது.

அது மீட்டர் கேஜ். நான் வேலை பார்த்த அதே அகலம். தண்டவாளத்தில் ஒரு பகுதி மலாயாவின் கிழக்குக் கரை ரயில் பாதையைப் பெயர்த்துக் கொண்டுபோனது. வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் அறுபதாயிரம் பேரில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியிலும் பர்மாவின் தான்பியுசயாத்திலும் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு, வரிசையாக, பூச்செடியோடு. ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் இருக்கலாம், தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர். இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் வரை இருக்கலாம் என்கிறார்கள். ராணுவக் கைதிகளோடு மருத்துவர்கள் இருந்தார்கள், ரகசியமாகப் பதிவேடு எழுத அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து போன தமிழனுக்கு யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். எண்ணிக்கையையே ‘இருக்கலாம்’ என்று எழுத வேண்டியிருப்பது அதனால்தான்.

பாட்டி இருக்கிறார்கள் என்றால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த வருடம், யார் வந்து அழைத்தது, கூடப் போனவர்கள் யார், அவர்களில் திரும்பி வந்தவர் என்ன சொன்னார், அண்ணனின் முழுப்பெயர், தகப்பனார் பெயர், தமிழ்நாட்டில் எந்த ஊர். பாட்டி சொல்லும் சொல்லிலேயே எழுதி, தேதி போட்டு வையுங்கள். தோட்டத்தின் பெயர் தெரிந்ததும் எனக்கும் எழுதுங்கள், அந்தத் தோட்டத்திலிருந்து போனவர்களைப் பற்றி நான் படித்ததில் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப்பார்க்கிறேன்.